ஆகஸ்டில் இலங்கை: அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போக, சத்தமில்லாத கடற்கரை ஊர் எது?

பொன்னி_திருச்சி:

வணக்கம். ஆகஸ்டில் பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. இலங்கை என்று முடிவு செய்துவிட்டோம், டிக்கெட் மட்டும் இன்னும் போடவில்லை. நான், 68 வயது அம்மா (முழங்கால் வலி, படி ஏற முடியாது, சமதரையில் மெதுவாக நடப்பார்), 9 வயது மகள். ஆண்கள் யாரும் கூட வரவில்லை, அதையும் மனதில் வைத்துப் பதில் சொன்னால் நல்லது.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை இல்லை. கண்டி, சிகிரியா, தேயிலைத் தோட்டம் எல்லாம் போன தடவை அலுவலகக் கூட்டத்தோடு பார்த்தாகிவிட்டது, அதில் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வேன் ஜன்னல்தான். இந்தத் தடவை ஒரு சின்ன ஊர் போதும். காலையில் எழுந்தால் கடல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடியும் கடல். மகளுக்கு இடுப்பளவு தண்ணீரில் பயமில்லாமல் குளிக்க வேண்டும், அம்மாவுக்கு நிழலில் ஒரு நாற்காலி வேண்டும். இரவு பன்னிரண்டு மணி வரை பாட்டுப் போடும் பார் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இப்போதைக்கு யோசித்து வைத்திருப்பது மிரிஸ்ஸவில் ஐந்து நாள், தங்காலையில் ஐந்து நாள். படங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அறை வாடகை வேறு ஜனவரியில் காட்டுவதில் பாதிதான் ஆகஸ்டுக்குக் காட்டுகிறது. இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகமே. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்னங்கீற்று:

சந்தேகம் சரியானதுதான். வாடகை பாதியாகியிருப்பதற்குக் காரணம் கடல்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது நேராக வந்து மோதுவது ஹிக்கடுவ, காலி, மிரிஸ்ஸ, தங்காலை இருக்கும் கரையில்தான். ஆகஸ்டில் அங்கே நாள் முழுக்க மழை கொட்டும் என்று சொல்லவில்லை, வெயிலும் அடிக்கும், அதனால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வானம் நீலமாக இருக்கும், கடல் மட்டும் கொந்தளித்துக்கொண்டிருக்கும். கரைக்குப் பக்கத்திலேயே அலை உடைந்து காலைப் பிடித்து இழுக்கும், சிவப்புக் கொடி நட்டிருப்பார்கள். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சீசன். நீங்கள் பார்த்த கண்ணாடித் தண்ணீர்ப் படங்களும் அந்த மாதங்களில் எடுத்தவையாகத்தான் இருக்கும்.

திருச்சிக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். அதே காற்று கேரளாவில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது வெறும் ஆடிக்காற்றாக வருகிறது இல்லையா? இலங்கையிலும் அப்படித்தான். நடுவில் நுவரெலியா மலைக்கூட்டம் நிற்கிறது. மேற்கிலும் தென்மேற்கிலும் மழை, அந்தப் பக்கம் திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் எல்லாம் காய்ந்து கிடக்கும். கிழக்குக் கடலும் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அடங்கியிருக்கும். நவம்பர் வந்தால் எல்லாம் தலைகீழ். ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கரையை மாற்றுங்கள், மிச்சமெல்லாம் அப்புறம் பேசலாம்.

வாவிக்கரை:

அக்கா, நான் மட்டக்களப்பு. மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் பக்கத்தில் ஆகஸ்டில் வீசுவதைக் கச்சான் காற்று என்போம், மேற்கிலிருந்து தரை வழியாக வருவதால் சூடாகவும் வறட்சியாகவும் இருக்கும். (கச்சான் என்றால் எங்களுக்கு வேர்க்கடலையும்தான். கடற்கரையில் ஒருவர் 'கச்சான், கச்சான்' என்று கத்திக்கொண்டு போனால் புயல் எச்சரிக்கை என்று நினைத்துவிடாதீர்கள்.) காலையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது, அம்மாவை அந்த நேரத்தில் வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இனி இடங்கள். நான் வடக்கிலிருந்து வருகிறேன்.

நிலாவெளி திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே 15 கிலோமீட்டர் அளவு. நீளமான வெள்ளை மணல், இடைவெளி விட்டு விட்டுத் தங்குமிடங்கள், அமைதி உண்டு. ஆனால் கடைக்குப் போக, மருந்து வாங்க, எதற்கும் ஓட்டோ பிடிக்க வேண்டும். அங்கிருந்துதான் புறாத்தீவுக்குப் படகு போகிறது, அது 2003 முதல் தேசியப் பூங்கா. கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் பவளப்பாறையும் மீனும் தெரியும், சின்னச் சுறாக்கூட வரும், கடிக்காது. உங்கள் மகளுக்குப் பிடிக்கும். அம்மாவுக்கு வேண்டாம், ஏனென்றால் படகில் கரையிலிருந்து அலையோடு அலையாக ஏறி இறங்க வேண்டும், தீவிலும் மணலை விட உடைந்த பவளத் துண்டுதான் அதிகம், வெறுங்காலால் நடக்க முடியாது.

உப்புவெளி அதற்கும் நகரத்துக்கும் நடுவில். நகரத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைய வருவதால் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் கடற்கரையிலேயே உண்டு, இரவில் கொஞ்சம் பாட்டுச் சத்தமும் உண்டு. அறை எடுக்கும்போது கடலோரமாக இல்லாமல் ஒரு ஒழுங்கை (சந்து) உள்ளே தள்ளி எடுத்தால் நிம்மதி. இந்த ஊரின் பெரிய வசதி கோணேசர் கோயில். சம்பந்தர் பாடிய தலம், பாறை விளிம்பில் நிற்கிறது, கீழே எட்டிப் பார்த்தால் கடல். உங்கள் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகாமல் திரும்பினால் ஊரில் போய் உங்களுக்குத்தான் பேச்சு விழும். கொஞ்சம் ஏற்றம் உண்டு, எது வரைக்கும் ஓட்டோ போகும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் பக்கத்தில்தான், ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வார்கள்.

அடுத்தது பாசிக்குடா. நீங்கள் கேட்ட மூன்று விஷயத்துக்கும் இதுதான் கிட்டத்தட்ட பதில், ஒரு சின்னக் குறையோடு. குடா என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி அரைவட்டமாக உள்ளே வளைந்த கடல், வெளியே பாறைத் திட்டு அலையை உடைத்துவிடும். உள்ளே நடந்து போனால் போய்க்கொண்டே இருக்கலாம், இடுப்புக்கு மேல் தண்ணீர் வர வெகு தூரம் ஆகும். என் தங்கச்சியின் பிள்ளைகள் நடை பழகியதே அந்தத் தண்ணீரில்தான் என்று நாங்கள் வீட்டில் கேலி செய்வோம். குறை என்னவென்றால், போர் முடிந்த பிறகு அந்த வளைவு முழுக்கப் பெரிய விடுதிகள் வந்துவிட்டன. பொதுமக்கள் குளிக்கும் பக்கத்தில் வார இறுதியில் தூர ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவார்கள், சோற்றுப் பானை, ஒலிபெருக்கி எல்லாவற்றோடும். திங்கள் முதல் வியாழன் வரை வந்தால் அதே இடமா என்று கேட்பீர்கள்.

கல்குடா பாசிக்குடாவுக்கு அடுத்த வளைவு. ஆள் இல்லை, தென்னை, மீன்பிடிப் படகு, மாடு, அவ்வளவுதான். கடல் வடிவு (அழகு), ஆனால் சீக்கிரம் ஆழமாகிவிடும், பிள்ளையை அங்கே விட வேண்டாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கல்குடாப் பக்கம் குடும்பத்தோடு நடத்தும் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் ஓட்டோவில் பாசிக்குடா போய்க் குளித்துவிட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன்.

கடைசியாக எங்கள் கல்லடி. இது சுற்றுலா ஊர் இல்லை, மட்டக்களப்பு நகரத்தின் ஒரு பகுதி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பின்னேரம் ஊரே கடற்கரையில் காற்று வாங்க உட்கார்ந்திருக்கும். குளிக்க நல்ல கடல் இல்லை, இழுவை உண்டு. 2004 சுனாமியில் அந்தக் கரை அழிந்து மீண்டது, அங்குள்ள திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரமே சாய்ந்தது. யாரிடமாவது கதைக்கும்போது 'சுனாமி நேரத்தில் எங்கே இருந்தீர்கள்' என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேளுங்கள், கனக்கச் சொல்வார்கள்.

ஈரச்சாக்கு:

எல்லோரும் ஆகஸ்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் டிசம்பரில் நிலாவெளிக்குப் போன மேதாவி. 'வெப்பமண்டல நாடு, எப்போது போனால் என்ன' என்று நினைத்தேன். அறை பதிவு செய்த இணையதளத்திலும் தெளிந்த நீலக் கடல்தான் இருந்தது.

ஐந்து நாள் மழை. கடல் கண்ணுக்கெட்டிய வரை தேநீர் நிறம், புறாத்தீவுக்குப் படகே விடவில்லை. இரண்டாம் நாள் மின்சாரம் போனது, மூன்றாம் நாள் துவைத்துப் போட்ட துணியில் பூசணம். கடற்கரையில் நடக்கலாம் என்று போனால் நடுவில் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது, உள்ளே நிரம்பிய களப்பு (உப்பங்கழி) தண்ணீர் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறதாம். விடுதிக்காரர் நல்ல மனிதர், இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'ஆர் உங்களை மார்கழியில் வரச் சொன்னது?' என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். பதில் இல்லை என்னிடம். அவர் பையனோடு கேரம் ஆடி ஐந்து நாளில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஆகவே பொன்னி, மலிவு வாடகையைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்களே, அந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு இருந்திருந்தால் ஒரு வாரச் சம்பளம் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். அமைதியான ஊர் வேண்டும் என்று எல்லோரும்தான் கேட்கிறோம், அமைதி கையில் கிடைத்த மூன்றாம் நாள் என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்பவர்கள் அதில் பாதிப் பேர். ஏழு மணிக்கு இருட்டிவிடும், எட்டரைக்கு ஊர் தூங்கிவிடும். 9 வயதுக் குழந்தைக்குப் பத்து நாள் ஒரே கடற்கரை என்றால் யோசியுங்கள். சீட்டுக்கட்டு, கதைப் புத்தகம், ஏதாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

அலைமேல்_ஆறுமுகம்:

அறுகம்குடா பற்றி யாருமே சொல்லவில்லையே என்று வந்தேன், அப்புறம் கேள்வியை மறுபடி படித்தேன், சொல்லாததும் சரிதான். ஆகஸ்டு அங்கே அலைச்சறுக்கின் உச்சம். நான் போவதே அதற்குத்தான். தெற்கிலிருந்து நீண்ட தூரம் வரும் அலை, முனையில் திரும்பி வலது பக்கமாக உடைந்துகொண்டே போகும், அதன் மேல் நின்றால் கரை வரை கொண்டுவந்து விடும். அதனால் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் வந்து குவிகிறார்கள், சாலை நெடுக ஸ்கூட்டர், இரவில் கொண்டாட்டம். உங்களுக்கு வேண்டாத எல்லாம் அங்கே இருக்கிறது.

ஒரே ஒரு திருத்தம். அங்கிருந்து பாணமை தாண்டி உகந்தை வரை போனால் உலகமே வேறு. முருகன் கோயில், பாறை, கடல், அதற்கு அப்பால் குமண காடு. ஆடி மாதம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் அந்த வழியாகத்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். தங்க அறை கிடையாது, ஒரு நாள் போய்த் திரும்ப வேண்டியதுதான். அம்மாவுக்கு அந்தப் பயணம் தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொன்னி_திருச்சி:

எல்லோருக்கும் நன்றி, மிரிஸ்ஸவை அடித்துவிட்டேன். ஈரச்சாக்கு, உங்கள் பெயரின் காரணம் இப்போது புரிகிறது :) சீட்டுக்கட்டு கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என் மகள் ஒரு வாளியும் ஈர மணலும் இருந்தால் சாப்பாட்டையே மறக்கிற ரகம். எனக்கும் மூன்றாம் நாள் சலிக்காது, சலித்தால் அதையும் அனுபவித்துப் பார்க்கத்தான் போகிறேன்.

இன்னும் சில சந்தேகம். நாங்கள் மூன்று பெண்கள் மட்டும், என்ன உடுத்திக்கொண்டு குளிக்கலாம், யாராவது முறைப்பார்களா? இழுவை என்று சொன்னீர்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு நீச்சல் சுமாராகத் தெரியும், மகள் இப்போதுதான் கற்றுக்கொள்கிறாள். அப்புறம், நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுகிறார்களாமே, அதில் போய்விட்டு அப்படியே பஸ்ஸில் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டால் என்ன என்று அம்மா கேட்கிறார். அவருக்குக் கப்பலில் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

வாவிக்கரை:

உடை பற்றி. எங்கள் பெண்கள் சுடிதாரோடும் கவுனோடும்தான் கடலில் இறங்குகிறார்கள், நீங்களும் அப்படி இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெரிய விடுதிகளின் முன்னால் நீச்சலுடையிலும் குளிக்கலாம். ஆனால் அதே உடையில் வீதிக்கு வர வேண்டாம், சுற்றிலும் தமிழ், முஸ்லிம் ஊர்கள், ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வந்தால் போதும். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நீளமான துப்பட்டா, தொளதொள பேன்ட் எல்லாம் நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காலைச் சுற்றும். துப்பட்டாவைக் கரையில் வைத்துவிட்டு, முழங்காலளவு இறுக்கமான கால்சட்டையும் டீசட்டையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இழுவைக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள். அலை கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும் இல்லையா, அது பரவலாகப் போகாமல் ஒரு வாய்க்கால் மாதிரி ஒரே இடத்தில் கூடிப் போவதுதான் இழுவை. பக்கத்திலெல்லாம் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும், நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் அமைதியாக, சில நேரம் மண் கலங்கிய நிறத்தில் தெரியும். தெரியாதவர்கள் 'அட, இங்கே அலை இல்லையே' என்று அங்கேதான் பிள்ளையை இறக்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் களைத்துவிடுவார். கரைக்குச் சமாந்தரமாக, பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வர வேண்டும், அப்புறம் அலையே கொண்டுவந்து சேர்த்துவிடும். அதற்குத் தெம்பில்லை என்றால் மல்லாந்து மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள். களப்போ ஆறோ கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம்.

பாசிக்குடாவின் உள் வளைவில் இந்தப் பயம் குறைவு, அதனால்தான் உங்களை அங்கே தள்ளுகிறேன். மற்ற எந்தக் கரையாக இருந்தாலும், காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள், அவர்களிடம் 'இந்த இடத்தில் பிள்ளையை இறக்கலாமா' என்று ஒரு கேள்வி. நேற்று எங்கே மணல் அரித்தது என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். கேட்ட கையோடு ஒரு கை கொடுத்து வலையை இழுக்கவும் மகளை விடுங்கள், அரை மணி நேரம் இழுத்தால் மடி கரைக்கு வரும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் அந்த நிமிடத்துக்கு ஈடு கிடையாது. வலையில் வரும் சொறியை (ஜெல்லி மீனை) மட்டும் தொட விடாதீர்கள், செத்துக் கிடந்தாலும் சுணைக்கும்.

தென்னங்கீற்று:

கப்பல் பற்றி நான் சொல்கிறேன், போயிருக்கிறேன். நாகப்பட்டினம் முதல் காங்கேசன்துறை வரை. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், ஆகஸ்டுக்கு அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் உங்கள் தேதியில் ஓடுகிறதா என்று பதிவு செய்யும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், கடலும் இயந்திரமும் நம் லீவைக் கேட்டு நடப்பதில்லை.

அம்மா ஆசைப்படுவது நியாயம். ஆனால் காங்கேசன்துறையில் இறங்கினால் நீங்கள் நிற்பது நாட்டின் வட நுனியில். அங்கிருந்து யாழ்ப்பாணம், பிறகு வவுனியா வழியாகத் திருகோணமலை, பஸ்ஸில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. மட்டக்களப்பு இன்னும் தூரம். கப்பலில் வந்து இறங்கிய அன்றைக்கே முழங்கால் வலிக்காரரை அந்தப் பஸ்ஸில் ஏற்றுவது பாவம். யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு தங்கலாம் என்றால், நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் தொடங்கும், 25 நாள். தேர், தீர்த்தம் நெருங்கும் நாட்களில் வெளிநாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்தார் எல்லாம் ஊருக்கு வந்துவிடுவார்கள், அறை கிடைப்பது கடினம். அம்மாவுக்குத் திருவிழாவே பார்க்க வேண்டும் என்றால் அது வேறு பயணம், அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்கள், நிறையச் சொல்லலாம்.

நான் செய்வதென்றால், திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம், ஓர் இரவு தங்கல், மறுநாள் காலை கோட்டை நிலையத்தில் மட்டக்களப்பு ரயில். உதயதேவி என்று அதற்குப் பெயர். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் எழுந்து நடக்கலாம், கழிவறை உண்டு, முன்பதிவுப் பெட்டியில் இடம் நன்றாக இருக்கும். கல்லோயா சந்திப்பில் திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்றன, அதனால் எந்த ரயிலில் ஏறுகிறோம் என்று பார்த்து ஏறுங்கள். நான் ஒரு தடவை பார்க்காமல் ஏறி, ஓர் இரவு முழுக்க வேறு ஊரில் கொசுவோடு கழித்தேன், அது வேறு கதை. வாழைச்சேனையில் இறங்கினால் பாசிக்குடா பக்கம்தான். விசா அனுமதியை அரசாங்கத்தின் சொந்தத் தளத்திலேயே போடுங்கள், அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும்.

திரும்பும்போது மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குக் கடலோரச் சாலை வழியாக வாருங்கள். வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா. ஒரு காலத்தில் மிதவைப் படகில் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது, 2009இல் கிண்ணியாப் பாலம் வந்த பிறகு எல்லாம் வண்டியிலேயே. 396 மீட்டர், திறந்தபோது அந்த நாட்டின் மிக நீளமான பாலம். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயில் இருக்கிறது.

ஈரச்சாக்கு:

அமைதி என்றதும் ஞாபகம் வந்தது. காலை ஐந்து மணிக்குப் பள்ளிவாசல், ஐந்தரைக்குக் கோயில் ஒலிபெருக்கி, ஆறரைக்குப் பாண் (ரொட்டி) விற்கும் ஓட்டோ. அந்த ஓட்டோவில் ஒரே ஒரு மெட்டுதான், நாடு முழுக்க அதே மெட்டு. ஐந்தாம் நாள் தூக்கத்திலும் கேட்டது. அமைதியான ஊர் என்றால் பார் இல்லாத ஊர் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை:

ஈரச்சாக்கு அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பாண் ஓட்டோவை உங்கள் மகள் இரண்டாம் நாளே வாசலில் நின்று மறிப்பாள், மாலுபானும் (மீன் வைத்த பன்) சீனிப் பனிசும் அதில்தான் வரும்.

நாள் பார்ப்பது பற்றி ஒன்று. பௌர்ணமியை இங்கே போயா என்போம், ஒவ்வொரு மாதமும் அரச விடுமுறை. அன்றைக்குக் குடிவகை விற்பனை கிடையாது, அது உங்களுக்கு நல்லதுதான். ஆனால் போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மூன்று நாள் விடுமுறையாகிவிடும், பாசிக்குடா தாங்காது. அந்த நாட்களில் எங்கள் டவுனில் தங்குங்கள், டவுன் போயாவுக்கு வெறிச்சோடிக் கிடக்கும். இன்னொன்று ஆடி அமாவாசை, மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். சில வருடம் ஜூலையில், சில வருடம் ஆகஸ்டில் வரும். அன்றைக்கு மட்டக்களப்பில் கால் வைக்க இடமிருக்காது, அம்மாவுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டுக் கடைகளில் மத்தியானச் சோறு இரண்டரைக்குள் தீர்ந்துவிடும். இரவுச் சாப்பாட்டை நீங்கள் தங்கும் வீட்டில் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும், ஆறு மணிக்குச் சொன்னால் பாணும் பருப்பும்தான் கிடைக்கும். நண்டு வேண்டும் என்றால் முதல் நாளே. சட்டியில் விற்கும் எருமைத் தயிரை விடாதீர்கள். ஏடிஎம் வாழைச்சேனையில் உண்டு, கல்குடாவுக்குள் நம்பி வர வேண்டாம்.

பொன்னி_திருச்சி:

சரி, முடிவு செய்துவிட்டோம். கொழும்பில் ஓர் இரவு, கல்குடாவில் ஐந்து (ஞாயிறு போய் வெள்ளி காலை கிளம்புகிறோம்), மட்டக்களப்பில் ஒன்று, உப்புவெளியில் இரண்டு, இரவு ரயிலில் கொழும்பு. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், மட்டக்களப்பில் தங்கும் இரவு பௌர்ணமிக்கு முந்தின நாள். கப்பல் இல்லை என்றதும் அம்மா ஒரு மணி நேரம் பேசவில்லை, கோணேசர் கோயில் என்றதும் பேசினார். தரைத்தள அறை, மேல்நாட்டுக் கழிவறை, வாசலில் படி எத்தனை என்று மூன்றையும் கேட்டுத்தான் பதிவு செய்திருக்கிறேன். கல்குடா வீட்டுக்கார அம்மா 'ஒரேயொரு படி, அதற்கும் பலகை போட்டு வைக்கிறேன்' என்று குரல் செய்தி அனுப்பினார்.

மகளுக்கு ஒரு கேள்வி இருக்கிறதாம். மட்டக்களப்பை மீன் பாடும் தேன்நாடு என்கிறார்களே, மீன் உண்மையிலேயே பாடுமா?

வாவிக்கரை:

மருமகளிடம் சொல்லுங்கள், நான் இன்னும் கேட்டதில்லை. என் அப்பா கேட்டதாகச் சொல்வார். கல்லடிப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில், நிலவு நேரத்தில், காற்று விழுந்த பிறகு தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைக்க வேண்டுமாம். நானும் இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன், என் காதுக்குள் தண்ணீர் போனதுதான் மிச்சம். நீங்கள் வரும் இரவு நிலவு நன்றாக இருக்கும், தோணிக்காரரிடம் முதலிலேயே கூலி பேசிக்கொள்ளுங்கள், அம்மாவைப் பாலத்தடியில் வாங்கில் (பெஞ்சில்) உட்கார வைத்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் போங்கள். மருமகளுக்குக் கேட்டுவிட்டால் வந்து இங்கே எழுதச் சொல்லுங்கள், அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.